யாழ்ப்பாண வெயிலுக்கு மெல்லிய ஒயில் நிற்குமா?

08.06.2025, காலை

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது:

"பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தபின் 660 சிசி ஜப்பான் கார் ஒன்று எடுத்தேன். டர்போ இல்லை. ஒயில் மூடியிலும் கைநூலிலும் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது, முதல் ஒயில் மாற்ற வேண்டும். விசாரித்த இடமெல்லாம், 'அது ஜப்பான் குளிருக்கு எழுதியது, இந்த வெயிலுக்குத் தண்ணீர் போன்ற ஒயில் நிற்காது, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்' என்கிறார்கள். மாமாவும் அதையேதான் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

08.06.2025, மாலை

நானும் இதே வகைக் காரை ஏப்ரலில் எடுத்தவன். 20டபிள்யூ-50 வேண்டாம், அது மிகத் தடிப்பு. ஆனால் மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த காரின் பொனற்றில் கை வைக்க முடிகிறதா? எனக்கு முதல் முறை 0டபிள்யூ-20 தான் ஊற்றினார்கள். அடுத்த முறை 10டபிள்யூ-30 போடலாம் என்று நினைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

10.06.2025

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கோண்டாவில் நண்பர் அதை நம்பி ஒயில் வாங்கிவிடக் கூடாது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஒயில் மூடியில் இருப்பதையே ஊற்றுங்கள்.

ஏன் மனம் மாறினேன் என்றால், காரின் பொனற்றில் வெயில் ஏறுவதை எஞ்சினுக்குள் இருக்கும் ஒயிலோடு போட்டுக் குழப்பிவிட்டேன். எஞ்சின் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. தெர்மோஸ்டாட் என்ற சின்னஞ்சிறு கதவு, குளிர்விக்கும் நீரை 80, 90 பாகைக்குக் கிட்டப் பிடித்துவைக்கிறது. நன்றாகச் சூடேறிய எஞ்சினில் ஒயிலும் நூறு பாகையை ஒட்டியே நிற்கும். வெளியே 5 பாகையானாலும் யாழ்ப்பாணத்து 33 பாகையானாலும் ஓடிச் சூடேறியபின் பெரிய வித்தியாசம் இருக்காது. 'ஜப்பான் குளிர்' என்ற பேச்சும் பாதிதான் உண்மை. தோக்கியோவில் ஓகஸ்ட் மாதம் 35 பாகையைத் தொடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கேயும் இதே மூடியோடுதான் இந்தக் கார்கள் ஓடுகின்றன.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 0டபிள்யூ என்றால் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகையிலும் எஞ்சினைச் சுழலவிடும் ஒயில். 20டபிள்யூ என்றால் அந்தச் சோதனை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் நடக்கிறது. நமக்கு இரண்டுமே தேவையில்லாத குளிர். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்வது. காரைச் செய்தவன் பெயாரிங்குக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டானோ, அதற்கு ஏற்ப அந்த எண்ணைத் தேர்ந்திருக்கிறான்.

10.06.2025, இரவு

'தண்ணீர் போன்ற ஒயில்' என்ற சொல் மனதை விட்டுப் போகவில்லை. தரவுத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். 0டபிள்யூ-20 ஒயில் 40 பாகையில் 45 என்ற அளவைச் சுற்றி நிற்கிறது, 100 பாகையில் எட்டு அல்லது ஒன்பதுக்கு இறங்குகிறது. 20டபிள்யூ-50 என்றால் 40 பாகையில் 160 அளவில், 100 பாகையில் பதினெட்டுக்குக் கிட்ட. (அலகு சென்ரிஸ்டோக்ஸ். பெரிய எண் என்றால் தடிப்பு.)

காலையில் காரை எடுக்கும்போது ஒயில் 28, 30 பாகையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நம் 'தண்ணீர்', கொதித்து நிற்கும் 20டபிள்யூ-50 ஐ விட மூன்று மடங்குக்கு மேல் தடிப்பு! நீங்கள் 20டபிள்யூ-50 ஊற்றினால், 20 இலக்க ஒயிலுக்கென்று துளையிட்ட எஞ்சின், அந்த முதல் நிமிடங்களில் பாணியை உறிஞ்ச வேண்டியிருக்கும். புது எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும் ஒயில் அழுத்தம்தான். அதற்கு நுண்ணிய வடிகளும் மெல்லிய வழிகளும் இருக்கின்றன. தடித்த ஒயில் அங்கே பிந்திப் போய்ச் சேரும்.

11.06.2025

ஒரு நண்பர் இங்கே கேட்டதற்கு: 0டபிள்யூ-20 எங்குமே கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 ஐ ஒரு தடவைக்கு ஊற்றலாம். ரொயோட்டாவின் கைநூல்கள் சிலவற்றில் அப்படியே எழுதியிருக்கிறது, அடுத்த முறை பழைய இலக்கத்துக்கே திரும்பும்படி. அதே கைநூல்கள் மிகுந்த வேகத்திலோ மிகுந்த பாரத்தோடோ ஓடுபவர்களுக்கு ஒருபடி தடித்த ஒயில் பொருந்தலாம் என்றும் சொல்கின்றன. ஆகவே 30 என்றால் எஞ்சின் செத்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 50 வேண்டாம் என்பதில்தான் உறுதியாக நிற்கிறேன்.

15.06.2025

இன்று ஞாயிறு, பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மெல்லிய ஒயிலை அவர் நம்ப மாட்டார் என்று தெரிந்தே போத்தலையும் எடுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து இரண்டு சொட்டை விரலில் விட்டு, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரல்களை மெல்லப் பிரித்து, நூல் இழுக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தார். இழுக்கவில்லை. "இது தையல் இயந்திரத்துக்கு விடுகிற எண்ணெய்" என்றார்.

அதன்பிறகுதான் அவருடைய ஒஸ்ரின் ஏ-40 காரின் கதை வந்தது. 1990 இல் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. இங்கே மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய். சில சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெண்புகையும் அந்த மணமும் எனக்கே நினைவிருக்கிறது. நான் பின் ஆசனத்தில் குந்தியிருந்த சிறுவன்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. முழுதும் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே ஒயிலோடு கலந்துவிடும். கிழமைக்குக் கிழமை, ஒயில் அளவு பார்க்கும் கம்பியில் மட்டம் ஏறிக்கொண்டே போகுமாம். "குறைய வேண்டிய ஒயில் ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? அது ஒயில் இல்லை என்று அர்த்தம்." அதனால்தான் கிடைத்ததிலேயே தடித்த ஒயிலைத் தேடி ஊற்றினார்கள். 20டபிள்யூ-50 ஐ ஊற்றினால், மண்ணெண்ணெய் கலந்து ஒரு மாதத்தில் அது மெலிந்து வேலைக்கு வரும். முதலிலேயே மெல்லியதை ஊற்றினால் பெயாரிங் போய்விடும்.

வீடு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'இங்கே தடித்த ஒயில்தான் நிற்கும்' என்பது அறியாதவர்களின் பேச்சாக எனக்கு இனித் தோன்றாது. ஒருகாலத்தில் இந்த ஊருக்கு அது முழு உண்மையாக இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் எஞ்சினைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். வெயில் என்ற காரணம் எப்போது அதோடு வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியாது, மூலகாரணம் மண்ணெண்ணெய். கோண்டாவில் நண்பரே, உங்கள் மாமாவுக்கும் அந்த வயதாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

16.06.2025

பெரியப்பா தொலைபேசியில் திருத்தினார். 20டபிள்யூ-50 எல்லாம் அப்போது எங்கே கிடைத்தது என்று கேட்டார். கிடைத்தது ஒற்றை இலக்கம், 40 அல்லது 50. அதுவும் இல்லாதபோது வடித்த ஒயிலையே இரண்டு நாள் தெளியவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றியிருக்கிறார்.

22.06.2025

கோண்டாவில் நண்பர் 0டபிள்யூ-20 வாங்கப் போகிறார், போத்தலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் இலக்கம். பிறகு, பின்பக்கத்தில் வட்டமான ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) முத்திரை. அதில் எஸ்பி என்ற எழுத்துகள் இருந்தால் 2020 இல் வந்த தரம். எஸ்என் என்றால் 2010 இன் தரம். இந்த ஆண்டு மார்ச் இறுதியில் எஸ்கியூ என்று அடுத்ததும் வந்துவிட்டது, நம் கடைகளில் இன்னும் நான் காணவில்லை. உங்கள் கைநூல் கேட்கும் தரமோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் சிறிய டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்கள் மட்டும் எஸ்பிக்குக் கீழே இறங்க வேண்டாம். அந்த எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் மிதிக்கும்போது நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு, பிஸ்டனையே உடைக்கக் கூடியது. அதற்கு ஒயிலில் உள்ள கல்சியம் சேர்க்கையும் ஒரு காரணம் என்று கண்டு, அதற்கென்று சோதனை வைத்த தரம் எஸ்பி. எஞ்சினுக்குள் ஓடும் சங்கிலியின் தேய்மானத்துக்கும் அதில் சோதனை இருக்கிறது.

போத்தலின் முன்பக்கத்தில் வெடித்த நட்சத்திரம் போன்ற சின்னம் இருந்தால் அது எரிபொருளை மிச்சம் பிடிக்கும் மெல்லிய ஒயில்களுக்கு மட்டும் கொடுப்பது. 20டபிள்யூ-50 போத்தலில் அந்தச் சின்னத்தைக் கண்டால் வாங்காமல் வந்துவிடுங்கள், அது உண்மையான போத்தலாக இருக்காது.

பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஒயில் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். முத்திரை உடையாத போத்தலை நீங்களே வாங்கி, கையில் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.

23.06.2025

மேலே சொன்னதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். எனக்கே நடந்தது. மே நடுவில் முதல் சேர்விஸுக்குப் போனபோது நான்கு லீற்றர் போத்தலைக் கொடுத்துவிட்டு, வீதியோரத்தில் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். என் எஞ்சினுக்கு பில்டரோடு சேர்த்து மூன்று லீற்றர்கூடத் தேவையில்லை. திரும்பி வந்து கார் எடுத்தால், வழக்கமான இழுப்பு இல்லை. வீட்டில் சமதரையில் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கம்பியை உருவிப் பார்த்தேன். ஒயில் மேல் குறியைக் கடந்து, கம்பியின் முறுக்குவரை ஏறியிருந்தது. ஏறத்தாழ அரை லீற்றர் கூடுதல்.

அளவு மீறினால் கீழே சுழலும் தண்டு ஒயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரையை பம்ப் ஒழுங்காகத் தள்ளாது. திரும்பிப் போய்ச் சொன்னபோது, "கூட இருந்தால் நல்லதுதானே" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. புதுக் கார், பல ஆண்டுகள் காத்திருந்து எடுத்தது. நின்று, கண்முன்னே வடிக்க வைத்துத்தான் வந்தேன். ஒயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடி நட்டுக்குப் புது வாஷர் போடுகிறார்களா, பில்டரின் ரப்பரில் கொஞ்சம் ஒயில் பூசுகிறார்களா, கடைசியில் கம்பியைத் துடைத்துப் பார்க்கிறார்களா, மூன்றையும் பாருங்கள்.

05.07.2025

மிஞ்சிய ஒரு லீற்றரை மைத்துனர் தன் மோட்டார் சைக்கிளுக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டுகள் ஒயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. காருக்கான மெல்லிய ஒயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கும். தட்டுகள் வழுக்கத் தொடங்கிவிடும். அவருக்கு ஜாசோ எம்ஏ என்ற மோட்டார் சைக்கிள் தரம் எழுதிய போத்தல்தான் வேண்டும். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. புதுப் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

06.07.2025

வயலுக்கு வாங்கிய டீசல் ஒயிலைக் காருக்கு ஊற்றலாமா என்று கேட்ட அன்பருக்கு: வேண்டாம். 15டபிள்யூ-40, தடிப்பும் கூட, சேர்க்கைகளும் வேறு. புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கிக்கும் அது நல்லதல்ல.

19.07.2025

காரைவிட்டு ஒரு விடயம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடித்த ஒயிலை என்ன செய்கிறீர்கள்? எங்கள் ஒழுங்கையில் அதை வேலிக் கதியாலுக்கும் பனஞ்சலாகைக்கும் பூசுவார்கள், கறையான் ஏறாது என்று. மிச்சத்தை வேலியடியில் ஊற்றிவிடுவார்கள். நானும் சிறுவயதில் தும்புக்கட்டையால் பூசியிருக்கிறேன். பத்தடி தள்ளிக் கிணறு.

நமக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழை இறங்கித் தங்கிய நீரைத்தான் குடிக்கிறோம். அந்தக் கல் முழுவதும் வெடிப்பும் பொந்துமாக இருக்கிறது. மேலே ஊற்றியதை வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, சனங்கள் பவுசரில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்றது பத்து ஆண்டுக்கு முந்திய கதைதான். அவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வீடு மூன்று லீற்றர் என்று கணக்குப் பாருங்கள். பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். என்னுடையதை அப்படித்தான் கொடுத்தேன்.

03.08.2025

நல்லூர்த் திருவிழா. சுற்றியுள்ள வீதிகள் மறித்திருக்கின்றன. கோண்டாவில் நண்பர், ஊர்ந்து ஊர்ந்து போகும்போது குளிரூட்டியும் ஓடுகிறதே, இப்போதாவது ஒயில் தாங்குமா என்று கேட்கிறார். சூட்டுமானி நடுவில் நிற்கும்வரை ஒயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஓடாமல் எரிந்த இந்த மணிநேரங்கள் கிலோமீற்றர் கணக்கில் ஏறுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பிறகு எழுதுகிறேன்.

21.09.2025

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு, காரைப் பார்ப்போம் என்றார். மூடியைத் திறந்து, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருக்கிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"எப்போது மாற்றினாய்?"

"மேயில்."

"பெற்றோல் மணக்கிறது."

நான் வாங்கி மோந்து பார்த்தேன். மெல்லியதாக, ஆனால் தவறாமல் இருந்தது. மேயில் மேல் குறிக்குச் சரியாக நிறுத்திய அளவு, இப்போது ஓர் அரிசி மணியின் அகலம் மேலே. ஒயில் குடிக்காத எஞ்சின் என்று இவ்வளவு நாளும் மகிழ்ந்திருந்தேன். அது ஏறியிருக்கிறது.

நான்கு மாதத்தில் என் கார் ஓடியது 1,900 கிலோமீற்றர். கொக்குவிலிலிருந்து பட்டணம், பட்டணத்திலிருந்து பாடசாலை, சந்தை, கோயில். ஒரு பயணமும் ஆறு கிலோமீற்றரைத் தாண்டாது. எஞ்சின் சூடேற முன்பே நிறுத்திவிடுகிறேன். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் பீச்சப்படும்; எரியாத மிச்சம் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். எரிந்ததில் வரும் நீராவியும் அங்கேயே படியும். ஏ-40 இல் மண்ணெண்ணெய் செய்ததையே, மிகச் சிறிய அளவில், என் குட்டிப் பயணங்கள் செய்திருக்கின்றன. பெரியப்பாவின் மூக்கு முப்பது ஆண்டுக்கு முந்திய பழக்கத்தில் அதைப் பிடித்துவிட்டது.

"அதற்குத்தான் தடித்த ஒயில் சொன்னேன்" என்றார். இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

28.09.2025

யோசித்தேன். காரையும் எடுத்துக்கொண்டு போனேன். நேற்று ஏ-9 வழியே ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி, அங்கிருந்து திரும்பி. போகவர 130 கிலோமீற்றர் வரும். இன்று காலை, எஞ்சின் ஆறியபின், அதே இடத்தில் கம்பியைப் பார்த்தேன். மேல் குறிக்குச் சரியாக வந்திருக்கிறது. மணமும் இல்லை. நன்றாகச் சூடேறிய ஒயிலிலிருந்து பெற்றோலும் நீரும் ஆவியாகி, காற்றுவழியாக எஞ்சினுக்கே திரும்பி எரிந்துபோய்விடும். ஏ-40 இல் மண்ணெண்ணெய் இப்படி இலகுவில் போயிருக்காது. அதுதான் வித்தியாசம், பெரியப்பாவுக்கு என் பதிலும் அதுதான். இங்கே மருந்து தடிப்பில் இல்லை, ஓட்டத்திலும் ஒயில் மாற்றும் திகதியிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதுதான் உணர்கிறேன். குளிர் நாடுகளில் எஞ்சின் சூடேற இன்னும் நேரம் எடுக்கும், கலப்பும் கூடும். நாம் குற்றம் சாட்டிய அதே வெயில் இந்த விடயத்தில் எங்களுக்குக் கை கொடுக்கிறது.

04.10.2025

கோண்டாவில் நண்பர் கேட்ட கேள்விக்கு, நல்லூர் நேரத்தில் பிறகு என்று விட்ட பதில். எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை?

ஜப்பானில் ரொயோட்டா டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்குச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஓர் ஆண்டு. அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். கடின பாவனை என்று தனியாக ஒரு பட்டியல் வைத்து, அதற்கு 7,500 அல்லது ஆறு மாதம் என்று பாதியாக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மலைப்பாதை, புழுதி வீதியோடு, ஒருமுறைக்கு எட்டுக் கிலோமீற்றருக்குள் அடங்கும் பயணங்களைத் திரும்பத் திரும்ப ஓடுவதும் இருக்கிறது. கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் எவ்வளவு தூரம்? நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை பிறந்ததிலிருந்தே அந்தப் பட்டியலில்தான் ஓடுகின்றன.

ஆகவே நான் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு ஆறு மாதம்தான் முந்தும், நிச்சயம். உங்கள் கைநூலில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பிடியுங்கள்.

12.10.2025

கோண்டாவிலிலிருந்து எழுதியிருக்கிறார்: 0டபிள்யூ-20 ஊற்றி நான்கு மாதமாகிறது, இப்போது ஞாயிறுதோறும் மாமாவை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக் கடற்கரைவரை போய்வருகிறார். மாமா இன்னும் 20டபிள்யூ-50 ஐத்தான் சொல்கிறார், ஆனால் முன் ஆசனத்தில் ஏறிவிடுகிறார்.

பெரியப்பாவிடம் கிளிநொச்சிக் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. தானே வந்து கம்பியை உருவி, மோந்து, மறுபடி மோந்து, என் சட்டைப் பையிலிருந்த பேனையை வாங்கி, ஒயில் பில்டர் வந்த பெட்டியின் மட்டையில் திகதி எழுதினார்.

"கார்த்திகை பிறக்கும்போது மாற்று. அதே தையல் எண்ணெயையே ஊற்று."